பிளேட்டோவின் ‘ன்’ எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கிரேக்கத் தத்துவக் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியும், பெயர்ப் பட்டியல் ஒன்றும் இருந்தன. ‘பிளேட்டோவின் உண்மையான பெயர் பிளாட்டோன். கடைசி எழுத்தை விழுங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். மற்ற ஐரோப்பியர் எல்லாரும் பிளாட்டோன் என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படித்தான் எழுத வேண்டும்’ என்பது பெட்டிச் செய்தியின் சாரம். அக்கறை நல்லதுதான். ஆனால் பழி வேறு யார் தலையிலோ விழுந்திருக்கிறது, ‘எல்லாரும்’ என்பதும் சரியில்லை. இந்தப் பெயர் மொழிக்கு மொழி மாறுவதற்குத் தெளிவான இலக்கணக் காரணங்கள் இருக்கின்றன. அவை தெரிந்தால் மொழிபெயர்ப்பிலும் செய்தி மேசையிலும் பல பிழைகளைத் தவிர்க்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிரேக்கம், ரோமன், சிரில்லிக் என மூன்று வகை எழுத்துகளைக் கலந்தால் படிப்பவருக்குச் சிரமம். எனவே எல்லா வடிவங்களையும் தமிழ் எழுத்தில், அந்தந்த மொழிக்காரர் ஒலிப்பதற்குக் கூடியவரை நெருக்கமாகத் தருகிறேன்.

பண்டைய கிரேக்கத்தில் அவர் பெயர் ‘பிளத்தோன்’. முதல் உயிர் குறில், இரண்டாவது நெடில், அழுத்தம் முதல் அசையில். வேற்றுமை ஏற்கும்போது ‘பிளத்தோனொஸ்’ (பிளத்தோனுடைய), ‘பிளத்தோன’ (பிளத்தோனை) என்று வரும். ‘மரம்’ என்ற சொல் உருபு ஏற்கும்போது ‘மரத்து’ என்று மாறுவது போல, கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுவாய் வடிவம் ஒன்று, உருபு ஏற்கும் அடிவடிவம் இன்னொன்று. ஐரோப்பிய மொழிகளில் பெயர்கள் பிரியும் முதல் இடம் இதுதான்: எழுவாயை எடுத்துக்கொண்டார்களா, அடிவடிவத்தை எடுத்துக்கொண்டார்களா?

லத்தீனில் ஏற்கெனவே ஒரு சொற்கூட்டம் இருந்தது. சிங்கம் என்றால் எழுவாயில் ‘லெயோ’, உருபு ஏற்றால் ‘லெயோனிஸ்’. சிசரோ என்று நாம் சொல்லும் பேச்சாளரின் பெயர் எழுவாயில் ‘கிகெரோ’, உருபு ஏற்றால் ‘கிகெரோனிஸ்’. எழுவாயில் ன் இருக்காது, மற்ற வேற்றுமைகளில் எல்லாம் இருக்கும். கிரேக்கப் பெயர் வந்தபோது ரோமானியர்கள் அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்து, எழுவாயில் ‘பிளத்தோ’, உருபோடு ‘பிளத்தோனிஸ்’ என்றார்கள். கி.மு. 106 முதல் 43 வரை வாழ்ந்த சிசரோவே அப்படித்தான் எழுதினார். ஆங்கிலம் என்றொரு மொழி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ன் போய்விட்டது. இத்தாலிய அறிஞர் மார்சிலியோ ஃபிச்சீனோ பிளேட்டோவை லத்தீனில் பெயர்த்து 1484-இல் அச்சான நூலும், அதைப் படித்து வளர்ந்த அறிஞர் உலகமும் இந்த வடிவத்தையே பரப்பின.

ஆங்கிலேயர்கள் செய்தது வேறொன்று. அவர்கள் மொழியில் நெடில் ‘ஆ’ காலப்போக்கில் ‘ஏ’ ஆயிற்று. அந்த மாற்றத்தில் முதல் அசையும் ‘பிளே’ ஆனது. ஆக, தமிழில் நாம் எழுதும் ‘பிளேட்டோ’வில் ஏகாரம் ஆங்கிலத்தின் வேலை, கடைசி ஓகாரம் லத்தீனின் வேலை. தொலைந்ததாகச் சொல்லப்படும் ன் ஆங்கிலத்திலும் உயிரோடுதான் இருக்கிறது. ‘பிளாட்டோனிக் காதல்’ என்கிறார்களே, அந்தப் பெயரடை அடிவடிவத்திலிருந்து பிறந்ததால் அதில் ன் போகவில்லை. டச்சுக்காரர்களும் லத்தீன் எழுவாயைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ‘பிளாட்டோ’, பெயரடையில் மட்டும் ன் வரும். ‘மற்ற ஐரோப்பியர் எல்லாரும்’ என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஓர் ஐயம் எழலாம். ஸெனொஃபோன் என்ற வரலாற்றாசிரியரும் சாக்ரட்டீசின் மாணவர்தான், அவர் பெயரும் கிரேக்கத்தில் ‘ஓன்’ என்றே முடிகிறது. அவருக்கு மட்டும் ஆங்கிலத்திலும் லத்தீனிலும் ன் எப்படித் தப்பியது? அவர் பெயரின் அடிவடிவம் வேறு: ‘ஸெனொஃபோந்த்-’. உருபு ஏற்கும்போது ன்-க்குப் பின் ஒரு த் ஒட்டிக்கொள்ளும். லத்தீனில் அது சிங்கக் கூட்டத்தில் சேராது, எனவே எழுவாயில் ன் நின்றுவிட்டது. அந்த த் இத்தாலியத்தில் ‘செனொஃபோந்தே’, ஸ்பானியத்தில் ‘ஹெனொஃபோந்தே’, ரஷ்யத்தில் ‘க்செனஃபோந்த்’ என்று வெளியே தெரியும். ‘ஓன்’ என்று முடியும் ஒரு கிரேக்கப் பெயர் இத்தாலியத்தில் ‘ஓனே’ ஆகுமா ‘ஓந்தே’ ஆகுமா என்பதை அடிவடிவம்தான் முடிவு செய்யும். எலேயா நகரத்து ஸீனோ பிளேட்டோவின் வழியில் போய் ‘ட்ஸெனோனே’ ஆகிறார். ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் மட்டும் இடக்குக்காரர். அடிவடிவத்தில் பிளேட்டோவின் உறவினராக இருந்தும் ஆங்கிலத்தில் ன் விடாமல் நிற்கிறார்.

லத்தீனின் வாரிசு மொழிகள் பெரும்பாலும் எழுவாயைக் கைவிட்டு, செயப்படுபொருள் வடிவத்தை எடுத்துக்கொண்டன. ‘பிளத்தோனெம்’ என்பதன் கடைசி மகரம் பேச்சில் உதிர்ந்தது. இத்தாலியத்தில் மிஞ்சியது ‘பிளத்தோனே’. சிங்கம் அங்கே ‘லெயோனே’, நீரோ மன்னன் ‘நெரோனே’. ஸ்பானியத்தில் கடைசி உயிரும் உதிர்ந்து ‘பிளத்தோன்’ ஆனது. பெட்டிச் செய்திக்காரர் இதைப் பார்த்துவிட்டுக் கிரேக்க மூலம் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று எண்ணியிருக்கக்கூடும். அது தற்செயல் ஒற்றுமைதான். அழுத்தம் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். கிரேக்கர்கள் முதல் அசையை அழுத்திச் சொன்னார்கள், ஸ்பானியர் கடைசி அசையை அழுத்துகிறார்கள். ‘பிளத்தோனெம்’ என்ற லத்தீன் சொல்லில் ஈற்றயல் அசை நெடில் என்பதால் அழுத்தம் அதன்மேல் விழுந்தது. பின்னால் இருந்த அசை போன பிறகும் அழுத்தம் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. போர்ச்சுகீசியத்தில் அதே முடிவு மூக்கொலியாகி ‘பிளத்தாவ்ங்’ போல ஒலிக்கும், அங்கே சிங்கமும் ‘லியாவ்ங்’தான். பிரெஞ்சில் எழுதும்போது ன் உண்டு, சொல்லும்போது நாக்கு அண்ணத்தைத் தொடாது, ஓகாரம் மூக்கு வழியே வெளியேறுவதோடு சரி.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தவர் கத்தலான் மொழிக்காரர். அவருக்கு இந்தத் தத்துவஞானி ‘பிளத்தோ’. லத்தீன் எழுவாய் போலவே தோன்றுகிறது, டச்சுக்காரரின் உறவினரோ என்று கேட்கத் தோன்றும். இல்லை. கத்தலானில் அழுத்தம் பெற்ற உயிருக்குப் பின் வரும் ஈற்று ன் உதிர்வது அந்த மொழியின் சொந்த ஒலி விதி. சிங்கம் அங்கே ‘லியெயோ’. ஸ்பானியரைப் போலவே செயப்படுபொருள் வடிவத்தில் தொடங்கி, ‘பிளத்தோன்’ வரை வந்து, பிறகு தன் வீட்டு விதிப்படி ன்-ஐ இழந்திருக்கிறது. கண்ணுக்கு ஒரே வடிவம், வந்த வழிகள் இரண்டு. அதனால்தான் எழுத்தை மட்டும் வைத்து யார் யாரிடமிருந்து கடன் வாங்கினார் என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

‘ஏஸ்’ என்று முடியும் பெயர்கள் வேறு கதை. ஸ்பானியர் லத்தீன் எழுவாயை அப்படியே விட்டார்கள்: சோக்ரதெஸ், அரிஸ்தோதெலெஸ். இத்தாலியர் ஸ்-ஐ நீக்கி ‘சோக்ரதே’, ‘அரிஸ்தோதெலே’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நறுக்கி ‘சொக்ராத்’, ‘அரிஸ்தோத்’ என்கிறார்கள், ஆனால் தேலீசையும் பெரிக்ளீசையும் மட்டும் ஸ் கெடாமல் ‘தலேஸ்’, ‘பெரிக்லேஸ்’ என்று வைத்திருக்கிறார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர விதி எதுவும் காட்ட முடியாது.

தேலீஸ் என்றதும் தங்கள் பட்டியலைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் மிலீட்டஸ் நகரத்து ‘தேலீஸ்’ ஒரு வரியிலும், அதே நகரத்து ‘தலேத்தே’ இன்னொரு வரியிலும், இரு வேறு ஆட்களாக அச்சாகியிருக்கிறார்கள். இரண்டாமவர் இத்தாலிய நூல் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். லத்தீனில் அவர் பெயருக்கு ‘தலேத்-’ என்ற அடிவடிவமும் உண்டு, இத்தாலியம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆள் ஒருவர்தான். ஸ்பானியத்திலும் போலிஷிலும் அவரே ‘தலெஸ்’. ரோமன் எழுத்தில் அந்த வடிவம் கதைகள் என்ற ஆங்கிலச் சொல்லோடும், ‘அப்படிப்பட்ட’ என்ற ஸ்பானியச் சொல்லோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. எனவே கணினி மொழிபெயர்ப்பில் தேலீஸ் ‘மிலீட்டஸ் கதைகள்’ ஆகிவிடும் அபாயம் உண்டு. ஸ்பானியத்தில் பிளேட்டோவுக்கும் இதே சங்கடம். அழுத்தக் குறியையும் ன்-ஐயும் விட்டுவிட்டால் மிஞ்சுவது சாப்பாட்டுத் தட்டு.

இன்றைய கிரேக்கர்களும் பழைய எழுவாயை அப்படியே சொல்வதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்றாடப் பேச்சில் அவர் ‘பிளாதொனஸ்’. பழைய செயப்படுபொருள் வடிவமான ‘பிளத்தோன’ என்பதை எடுத்து, ஆண்பால் எழுவாய்க்குரிய ஸ்-ஐப் புதிதாக ஒட்டிக்கொண்டார்கள். இத்தாலியர் செய்த அதே காரியம், வேறு வழியில். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லிதுவேனிய மொழியில் ஆண்பால் பெயர்ச்சொற்களுக்கு ‘அஸ்’ என்ற ஈறு வரும். வெளிநாட்டுப் பெயர்களையும் அது விடாது, அங்கே அவர் ‘பிளத்தோனஸ்’. ரோமன் எழுத்தில் எழுதினால் லிதுவேனியமும் இன்றைய கிரேக்கமும் ஒன்றாகவே தெரியும், ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லை.

கிரேக்க நகரங்களின் வரைபடத்தைப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தெருப் பெயர்களும் சதுக்கப் பெயர்களும் அங்கே ஆறாம் வேற்றுமையில் இருக்கும். தெசலோனிக்கியில் உள்ள ‘அரிஸ்தொதெலூஸ்’ சதுக்கம் என்றால் ‘அரிஸ்டாட்டிலின் சதுக்கம்’ என்றே பொருள். அரிஸ்தொதெலூஸ் என்று தனியாக ஒரு பெரியவர் இருந்ததில்லை. ‘சொக்ராதூஸ்’, ‘பிளாதொனொஸ்’ என்ற தெருப் பெயர்களும் அப்படித்தான்.

ஜெர்மனில் நிலைமை நூற்றாண்டைப் பொறுத்தது. 1781-இல் வெளிவந்த தத்துவஞானி காண்ட்டின் பெருநூலில் லத்தீன் வழிப்படி ‘பிளாட்டோ’ என்றே இருக்கிறது. ஷ்லையர்மாகர் என்ற அறிஞர் 1804-இல் தொடங்கி வெளியிட்ட பிளேட்டோ மொழிபெயர்ப்பின் தலைப்பிலோ ‘பிளாட்டோன்’. கிரேக்க மூலத்தை நேரே படிக்கும் பழக்கம் வலுத்த காலம் அது, இன்று ஜெர்மனில் நிலைத்திருப்பதும் அந்த வடிவம்தான். டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியத்திலும் ன் உண்டு. ஜெர்மனில் ஒரு பயனுள்ள விதி: ‘ஒஸ்’ அல்லது ‘உஸ்’ ஈறுள்ள பெயர்களின் வாலைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். எபிகூர், டெமொக்ரிட், ஹெராக்லிட், ஹெரொடோட் எல்லாம் அப்படி வந்தவை. ‘எஸ்’, ‘அஸ்’ ஈறுகளைத் தொடமாட்டார்கள். சோக்ராட்டெஸ், அரிஸ்டோட்டெலெஸ், பித்தாகொரஸ் முழுசாக நிற்பார்கள்.

ஹெராக்ளிட்டஸ் வந்துவிட்டதால் ஒரு சோதனை முறையைச் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் உதவும். கிரேக்க மூலத்தில் அவர் பெயரின் மூன்றாம் அசையில் இரட்டை உயிர் இருக்கிறது: ‘ஹேராக்லெய்தொஸ்’. ரோமானியர்கள் அதை ‘ஈ’ ஆக்கினார்கள். எனவே ஒரு மொழியில் ‘எய்’ இருந்தால் அங்கே கிரேக்கத்திலிருந்து நேரே எடுத்திருக்கிறார்கள், ‘இ’ அல்லது ‘ஈ’ இருந்தால் லத்தீன் வழியே வந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஹங்கேரியம், லிதுவேனியம் முதல் வகை. பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் இரண்டாம் வகை. இந்தச் சோதனை இன்றைய கிரேக்கத்துக்குப் பொருந்தாது. அங்கே அந்த இரட்டை உயிரே ‘இ’ ஆகிவிட்டது, முதல் எழுத்தான ஹகர ஒலியும் போய்விட்டது, மிஞ்சியது ‘இராக்லிதொஸ்’.

ரஷ்யத்துக்குப் பெயர்களைத் தந்ததில் பைசாந்தியக் கிரேக்கத்துக்கு, அதாவது இடைக்காலக் கிரேக்கத்துக்கு, பெரும் பங்கு உண்டு. கிரேக்கத்தின் ‘தீட்டா’ எழுத்து அப்போது பல்லிடுக்கில் உரசி வரும் ஒலி. ஸ்லாவ் மொழிகளில் அந்த ஒலி கிடையாது, ரஷ்யர்கள் ‘ஃப்’ ஆக்கிக்கொண்டார்கள். பித்தாகரஸ் அங்கே ‘பிஃபகோர்’, தேலீஸ் ‘ஃபலேஸ்’. தங்கள் கட்டுரையாளர் ரஷ்ய நூல் எதையாவது கையில் எடுத்தால் மூன்றாவது தேலீஸ் ஒருவரும் கிடைத்துவிடுவார். ஹகரத்துக்குப் பதில் ககரம், அதுவும் ‘கோபம்’ என்பதைச் சிலர் வடமொழிச் சாயலில் ஒலிக்கும் அந்த அதிர்வுள்ள ககரம்: ‘கெரக்லீத்’. ஆனால் எல்லா ஸ்லாவ் மொழிகளும் இப்படி அல்ல. அதே சிரில்லிக் எழுத்தை எழுதும் செர்பியரும் பல்கேரியரும் தேலீசை ‘தலெஸ்’ என்றும் ஹெராக்ளிட்டசை ‘ஹெரக்லித்’ என்றும் சொல்கிறார்கள். எழுத்து ஒன்று என்பதால் வழியும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. பிளேட்டோ மட்டும் கிழக்கில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ‘பிளத்தோன்’.

ரஷ்யத்தில் வேறொரு பொறி இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு கிறிஸ்தவப் புனிதர் உண்டு, அதனால் ‘பிளத்தோன்’ அங்கே சாதாரண மனிதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர். 1737 முதல் 1812 வரை வாழ்ந்த மாஸ்கோவின் தலைமைப் பேராயர் ஒருவர் பெயரும் பிளத்தோன்தான். ‘பிளத்தோன் எழுதியது போல’ என்று பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்ய நூலில் கண்டால், எந்தப் பிளத்தோன் என்று பார்த்த பிறகே ‘பிளேட்டோ’ என்று எழுத வேண்டும். பண்டைய கிரேக்கத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. தத்துவஞானியின் காலத்திலேயே ஏதென்ஸில் பிளத்தோன் என்ற நகைச்சுவை நாடகக் கவிஞரும் இருந்தார். தத்துவஞானியின் இயற்பெயர் அரிஸ்தொக்லேஸ் என்றும், அகன்ற உடல்வாகால் பிளத்தோன் ஆனார் என்றும் பண்டைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் டியாஜெனீஸ் லேயர்ஷியஸ் சொல்லும் கதையைத் தங்கள் கட்டுரை வரலாறாகவே தந்திருக்கிறது. பெயர் ஏதென்ஸில் புழங்கிய பெயர்தான், பட்டப்பெயர்க் கதையைச் சந்தேகிக்கும் அறிஞர்கள் பலர்.

நடைமுறையில் பிழை அதிகம் நேர்வது இதுவரை சொன்ன எதிலும் அல்ல, வேற்றுமை ஈறுகளில். மொழிபெயர்ப்பவர் அகராதியில் பார்ப்பது எழுவாயை. ஆனால் நூல் தலைப்பிலோ வாக்கியத்திலோ பெயர் எழுவாயாக நிற்பது அரிது. சாக்ரட்டீஸ் நீதிமன்றத்தில் பேசிய தற்காப்புரையின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். போலிஷில் ‘ஓப்ரோனா சொக்ரத்தேசா’, இங்கே எழுவாயின் ஸ் உருபோடும் தொடர்கிறது. பக்கத்து நாட்டுச் செக் மொழியில் ‘ஓப்ரனா சோக்ரத்தொவா’. எழுவாய் ‘சோக்ரத்தேஸ்’ என்றாலும் உருபு ஏற்கும்போது ‘ஏஸ்’ உதிர்ந்துவிடும். ரஷ்யத்தில் எழுவாயிலேயே அந்த ஈறு கிடையாது, ‘சக்ராத்’ என்பவர் தலைப்பில் ‘சக்ராத்தா’ ஆவார். லிதுவேனியத்தில் ‘சொக்ரத்தோ’. ஃபின்னிஷில் ‘சொக்ரதேன்’, அதைப் பார்த்து ன் ஈற்றுப் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது, அந்த ன் ஆறாம் வேற்றுமை உருபு. ஸ்வீடிஷில் ஸ் ஈற்றுப் பெயர்களுக்கு உடைமை உருபு சேர்வதில்லை, எனவே எழுவாய் போலவே நிற்கும். ஹங்கேரியத்திலும் ‘சோக்ரதேஸ்’ மாறாமல் நிற்கும், ஆனால் காரணம் வேறு: அங்கே உடைமைக் குறி பெயரில் இல்லை, ‘தற்காப்புரை’ என்ற சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கிறது.

இதிலும் மோசமான இடம் ‘பிளாட்டோன்ஸ்’. ஜெர்மனிலும் ஸ்வீடிஷிலும் அதற்குப் ‘பிளேட்டோவின்’ என்று பொருள். லாட்வியத்தில் அதே எழுத்துக்கூட்டலுக்குப் ‘பிளேட்டோ’ என்றே பொருள், ஸ் அங்கே ஆண்பால் எழுவாய் ஈறு. ‘பிளத்தோனி’ அல்பேனியத்தில் எழுவாயாக வரும், எஸ்தோனியத்தில் ஆறாம் வேற்றுமை. நூலின் முகப்பைப் பார்த்து ஆசிரியர் பெயரை எடுக்கும் முன், அது எந்த மொழி என்று தீர்மானிப்பதே முதல் வேலை. ஜெர்மன் தொகுப்பின் முகப்பிலிருந்து ‘பிளாட்டோன்ஸ்’ என்று ஆசிரியர் பெயரை எடுத்தெழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எழுத்தின் மேல் இடும் சாய்குறியும் ஏமாற்றும். ஸ்பானியத்திலும் ஹங்கேரியத்திலும் செக்கிலும் ஓகாரத்தின் மேல் ஒரே மாதிரி கோடு இருக்கும். ஸ்பானியத்தில் அது அழுத்தத்தைக் காட்டுகிறது. மற்ற இரண்டிலும் நெடிலைக் காட்டுகிறது, அழுத்தமோ எப்போதும் முதல் அசையில். ஹங்கேரியர்கள் கிரேக்கப் பெயரைக் கிரேக்க ஒலிப்படி எழுதுவதில் கண்டிப்பானவர்கள், கிரேக்க நெடில்கள் அவர்களிடம் நெடிலாகவே வரும். அவர்களும் பழகிய இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்: தத்துவஞானி பித்தாகரசின் பெயருக்குக் கிரேக்கச் சாயல் கொண்ட வடிவம், பள்ளிக்கூடத் தேற்றத்துக்கு எளிய ‘பிதகொரஸ்’.

கணினியில் தேடும்போது கிரேக்கத்தில் இரண்டு இடைஞ்சல்கள். ஸ் ஒலிக்குரிய எழுத்து சொல்லின் நடுவில் ஒரு வடிவிலும் இறுதியில் வேறு வடிவிலும் இருக்கும், பெரிய எழுத்தில் (முகப்பெழுத்தில்) இரண்டுக்கும் ஒரே வடிவம். நடுவடிவத்தைக் கடைசியில் தட்டினால் சில மென்பொருள்கள் சாக்ரட்டீசைக் கண்டுபிடிக்காது. 1982-இல் கிரேக்க அரசு உயிரெழுத்துகளின் மேலிருந்த பலவகைக் குறிகளை நீக்கி ஒரே குறியாக்கியது. பழைய முறையில் அச்சான நூல்களின் மின்வடிவில் புதிய எழுத்துக்கூட்டலைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரும். குறிகளைப் பொருட்படுத்தாமல் தேடும் வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும்.

பெயரில் ஐயம் வந்தால் எண்ணைப் பார்ப்பதே நம்பகமான வழி. 1578-இல் ஜெனீவாவில் ஆன்றி எஸ்தியென் வெளியிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண்களைத்தான் இன்றும் பல மொழிகளின் ஆய்வுப் பதிப்புகள் ஓரத்தில் அச்சிடுகின்றன. ஒவ்வொரு பக்கமும் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ‘குடியரசு’ நூலில் வரும் குகை உவமை 514-ஆம் பக்கத்தின் முதல் பகுதியில் தொடங்குகிறது. நூலின் தலைப்பைப் போலிஷ்காரரும் ஜெர்மானியரும் ‘அரசு’ என்றும், செக் மொழிக்காரர் ‘அரசமைப்பு’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘குடியரசு’ என்றும் பொருள்படும்படி வைத்திருந்தாலும் அந்த எண் மாறாது. அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் பெர்லினில் வந்த பெக்கர் பதிப்பின் பக்கம், பத்தி, வரி எண்கள். ஒழுக்கவியல் நூல் 1094-ஆம் பக்கத்தில் தொடங்கும். மேற்கோள் காட்டும்போது இந்த எண்ணையும் சேர்த்தால், எந்த மொழி வழியாக வந்த மேற்கோளானாலும் வாசகர் மூலத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆளை அடையாளம் காண நூலகங்களின் பெயர்க் கோப்புகள் உதவும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் ‘பிளேட்டோ’ என்ற வடிவிலும், பிரான்சின் தேசிய நூலகம் ன் உள்ள வடிவிலும் அவரைப் பதிந்திருக்கின்றன. வயாஃப் என்ற பன்னாட்டுக் கோப்பு இவை எல்லாவற்றையும் ஒரே ஆளின் கீழ் கோக்கிறது. அதில் ‘தலேத்தே’ என்று தேடினால் நேரே தேலீசிடம் கொண்டுபோய் விடும்.

இனி எப்படி எழுதுவது? ‘பிளேட்டோ’வை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘பிளாட்டோன்’ என்று மாற்றினால் அது கிரேக்கமாகிவிடாது, ஜெர்மன் ஒலிப்பாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே ஆங்கிலம் நறுக்கித் தந்த ‘அரிஸ்டாட்டில்’ உட்கார்ந்திருப்பார், லத்தீன் வால் கொண்ட ‘டெமாக்ரிட்டஸ்’ நின்றுகொண்டிருப்பார். மூலத்துக்கே போவதென்றால் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்: பிளத்தோன், ஸோக்ரதேஸ், அரிஸ்தொதெலேஸ், ஹேராக்லெய்தொஸ். உள்ளபடியே தமிழ் எழுத்து அதற்கு நன்றாக இடம் கொடுக்கும். கிரேக்கத்தில் எ, ஏ வேறு வேறு எழுத்து, ஒ, ஓ வேறு வேறு எழுத்து, இத்தாலிய, ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. தத்துவ வரலாற்று நூலோ மூலத்திலிருந்து நேரே வரும் மொழிபெயர்ப்போ இந்த வழியை எடுக்கலாம். நாளிதழுக்குப் பழகிய வடிவமே போதும், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. வேற்றுமொழி நூலின் தலைப்பை எடுத்தெழுதும்போது மட்டும் அந்த மொழியின் வடிவத்தை அப்படியே தந்து, பக்கத்தில் ‘பிளேட்டோவின்’ என்று தமிழ்ப் பொருளைச் சேர்க்கலாம்.

பட்டியலில் திருத்த வேண்டியவை: ‘தலேத்தே’ வரியை நீக்கித் தேலீசோடு சேர்க்க வேண்டும். ‘செனொஃபோந்தே’ என்பவர் அதற்கு நான்கு வரிகள் மேலே இருக்கும் ஸெனொஃபோனேதான். ஜெர்மன் நூலின் ஆசிரியராகக் காட்டப்பட்டுள்ள ‘பிளாட்டோன்ஸ்’ என்பதில் ஸ்-ஐ எடுத்துவிடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்